இசைத்தட்டில் பதிந்த சாட்சி: இறையியல் மாணவர் கேட்டறிய வேண்டிய ஐந்து இசைத்தொகுப்புகள்

முன்னுரை

திருச்சபை வரலாறு பயிலும் மாணவர்க்கு ஏடுகளும் கல்வெட்டுகளும் பேரவைத் தீர்மானங்களும் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. ஒலியும் ஒரு சான்றே என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அம்மறதிக்கு நாமும் விலக்கல்லோம்.

நாம் மாணவராயிருந்த 1990களின் தொடக்கத்தில், நாம் பயின்ற இடத்து நூலகத்தில் ஒரு மர அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. ஒரு பெரிய வியாழனன்று இரவு ஆசிரியர் ஒருவர் கறுப்பு நிறப் பெட்டியொன்றிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டார். அப்பெட்டியின் மேல் வெள்ளை எழுத்துகளைத் தவிர வேறு படம் எதுவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து நாம் அங்கே சென்றபோது, தட்டுச் சுழற்றும் கருவியின் ஊசி முறிந்துவிட்டது என்னும் காரணத்தால், அத்தட்டுகள் யாவும் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போடப்படுவதைக் கண்டோம். அக்கறுப்புப் பெட்டியும் குவியலில் கிடந்தது. நாம் அதனைத் தடுக்கவும் இல்லை; விலை கொடுத்து வாங்கவும் இல்லை. எது காக்கத்தக்கது, ஏன் காக்கத்தக்கது என்று சொல்ல அன்று நம்மிடம் சொற்கள் இல்லை. இக்கட்டுரை காலந்தாழ்ந்த விடையாகும்.

இசையை விரும்புவோர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டிய தொகுப்புகள் எவை என்று நம் மாணவர் ஆண்டுதோறும் வினவுகின்றனர். சுவையைப் பொறுத்து விடை கூறினால் ஆளுக்கொரு பட்டியல் உருவாகும். ஆகவே நாம் மூன்று அளவைகளைக் கைக்கொள்கிறோம். ஒன்று, அத்தொகுப்பு தான் பிறந்த காலத்தின் துயரையும் நம்பிக்கையையும் செவிக்குப் புலப்படுத்த வேண்டும். இரண்டு, ஏட்டில் எழுத இயலாத ஒன்றை அது காத்திருக்க வேண்டும். மூன்று, திருச்சபையை நோக்கி அது ஒரு வினா எழுப்ப வேண்டும். இம்மூன்றிலும் தேறும் ஐந்தினை இங்கு ஆராய்வோம்.

தொகுப்பு என்னும் சொல்

ஆல்பம் என்னும் சொல் இசைத்தட்டுக்கு வந்த வழி அறியத்தக்கது. எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து மீண்டும் எழுப்பும் கருவியை ஆக்கினார். பின்னர்த் தட்டையான வட்டுகள் பரவின. இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவுகள் நிகழ்ந்தன. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே ஒலிக்கும். நீண்ட இசைப்படைப்பொன்றைப் பதிய வேண்டுமாயின் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை உறைகளில் இட்டுப் புகைப்பட ஏடுபோலக் கட்டடம் செய்து விற்றனர். அவ்வாறு வந்ததே ஆல்பம் என்னும் பெயர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுநேரத் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசை அடங்கியது. இதனால் ஒரு தொகுப்பு முழுவதையும் ஒரே எண்ணத்தின் வெளிப்பாடாக அமைக்கக் கலைஞர்களால் இயன்றது. தட்டின் உறையும் எழுதும் பக்கமாயிற்று.

1. பாக்கின் தனிச்செல்லோ இசைத்தொடர்கள் — பாப்லோ காசல்ஸ் (1936–1939)

யோவான் செபாஸ்தியான் பாக் 1717 முதல் 1723 வரை ஜெர்மனியின் கேத்தன் அரசவையில் பணியாற்றினார். அவ்வரசவை கால்வினிய மரபைச் சார்ந்தது. அங்கு வழிபாட்டில் விரிவான இசைக்கு இடமில்லை. லுத்தரனாகிய பாக் அக்காலத்தில் கருவியிசைக்கே தம்மை மிகுதியும் அளித்தார். துணைக்கருவி ஏதுமின்றி ஒரே செல்லோ வாசிக்கும் ஆறு இசைத்தொடர்கள் அக்காலத்தவை என்பர். அவர் கைப்பட எழுதிய படி கிடைக்கவில்லை; அவர் மனைவி அன்னா மக்தலேனா படியெடுத்த ஏடு நமக்குக் கிடைத்துள்ளது. அவரது உழைப்பின்றி இவ்விசை நம்மிடம் இவ்வாறு வந்திராது.

நெடுங்காலம் இவை பயிற்சிப் பாடங்களாகவே எண்ணப்பட்டன. காசல்ஸ் தம் பதின்மூன்றாம் வயதில் பார்சலோனாவின் பழைய இசைநூற் கடையொன்றில் இவற்றைக் கண்டெடுத்தார். பல்லாண்டுகள் நாள்தோறும் பயின்ற பின்னரே மேடையில் வாசித்தார். 1936 ஜூலை 18 மாலை பார்சலோனாவில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு அவர் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தபோது உள்நாட்டுப் போர் மூண்ட செய்தி வந்தது. மனித சகோதரத்துவத்தைப் போற்றும் அதன் இறுதிப் பகுதியைப் பாடி முடித்துவிட்டே குழுவினர் கலைந்தனர். அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் இரண்டாம், மூன்றாம் தொடர்களைப் பதிந்தார். 1938இலும் 1939இலும் பாரிசில் மற்றவை பதியப்பட்டன. இறுதி இரண்டும் பதியப்பட்ட வேளையில் அவருடைய குடியரசு வீழ்ந்திருந்தது, அவர் நாடிழந்தவராயிருந்தார்.

பிற்காலத்தில் பிராங்கோ ஆட்சியை ஏற்ற நாடுகளில் மேடையேறுவதில்லை என அவர் உறுதிபூண்டார். 1973இல் புறநாட்டிலேயே மரித்தார். 1979இல்தான் அவர் உடல் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டது. இத்தட்டுகளைக் கேட்பவர் பழைய பதிவின் இரைச்சலையும், வில் நரம்பில் உரசும் ஒலியையும், சிறு பிழைகளையும் கேட்பர். இன்று இதனினும் தூய பதிவுகள் பல உள. ஆயினும், ஆலயத்திற்கு வெளியே எழுந்த இசை, நாடிழந்த ஒருவனுக்கு எவ்வாறு அன்றாட மன்றாட்டாக இயலும் என்னும் வினாவை இப்பதிவே நம்முன் வைக்கிறது.

2. மிஸா லூபா (1958)

பெல்ஜிய ஆட்சியிலிருந்த காங்கோவின் கட்டங்கா பகுதியில் கமினா என்னும் ஊர் உண்டு. அங்குப் பணியாற்றிய பிரான்சிஸ்கு சபைத் துறவி கீடோ ஹாஸன், பள்ளிச் சிறுவரையும் ஆசிரியரையும் கொண்ட பாடற்குழுவொன்றை அமைத்தார். பெல்ஜிய அரசர் போதுவேனின் பெயரை அக்குழு தாங்கியது. இலத்தீன் திருப்பலி மூலத்தை மாற்றாமல், லூபா மக்களின் பாடல் முறைகளிலும் பறையொலியிலும் அவர்கள் பாடினர். ஏட்டில் எழுதிய இசைக்குறிப்பு இல்லை. ஒருவர் தொடங்கப் பலர் விடைகொடுக்கும் முறையில், குழு கூடிப் பாடிப் பாடி அது உருவாயிற்று. சாங்க்டஸ் என்னும் தூயவர் துதி, பிரியாவிடைப் பாடலின் சாயலில் அமைந்தது. 1958 மார்ச் மாதம் கமினாவில் இத்திருப்பலி முதன்முறை பாடப்பட்டது. அவ்வாண்டே குழு ஐரோப்பாவில் பயணம் செய்தது, ஒலிப்பதிவும் வெளிவந்தது.

காலவரிசையை நோக்குக. காங்கோ விடுதலை பெற்றது 1960 ஜூன் 30 அன்று. மக்களின் மொழிகளுக்கும் இசைமரபுகளுக்கும் வழிபாட்டில் இடமளித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963 டிசம்பரில் வெளியாயிற்று. மிஸா லூபா இவ்விரண்டுக்கும் முந்தியது. சங்கத்தார் தீர்மானம் எழுதுமுன்னரே சிறுவர் பாடிவிட்டனர்.

எனினும் இங்கு ஒரு குறையையும் மறைத்தலாகாது. உலகம் அறிந்த பெயர் ஹாஸனுடைய பெயரே. கூடிப் பாடி இசையை ஆக்கியவர்கள் ஒரு கூட்டமாகவே நினைவில் நின்றனர். அவர்களது குழுவின் பெயரோ ஆண்ட அரசனின் பெயர். மக்களின் இசையை வழிபாட்டிற்குள் வரவேற்போர், அம்மக்களின் பெயர்களையும் வரவேற்கின்றனரா? இவ்வினாவை நாம் எளிதில் கடந்துவிட இயலாது.

3. வார் ரெக்வியம் — பெஞ்சமின் பிரிட்டன் (1963)

கறுப்புப் பெட்டியில் நாம் கண்டது இதுவே. 1940 நவம்பர் 14 இரவு, ஜெர்மானிய விமானத் தாக்குதலில் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் எரிந்தழிந்தது. அதன் தலைமைக் குரு ரிச்சர்டு ஹவர்டு, இடிபாடுகளின் பீடத்திற்குப் பின்னே பிதாவை நோக்கி மன்னிப்பு வேண்டும் சொற்களைப் பொறிக்கச் செய்தார். ‘இவர்களை’ என்னும் சொல்லை அவர் சேர்க்கவில்லை. மன்னிப்புத் தேவைப்படுவோர் எதிரிகள் மட்டுமல்லர் என்பது அதன் பொருள். இடிபாடுகளின் அருகே எழுந்த புதிய பேராலயம் 1962 மே 25 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஐந்து நாள் கழித்து அங்கு இவ்விசைப்படைப்பு அரங்கேறியது.

பிரிட்டன் போரை முற்றிலும் மறுத்தவர். மரித்தோர்க்கான இலத்தீன் திருப்பலியின் இடையிடையே வில்பிரட் ஓவனின் ஒன்பது கவிதைகளை அவர் பொருத்தினார். ஓவன் முதல் உலகப்போரில், போர் ஓய்வதற்கு ஒரு வாரமே இருந்தபோது, 1918 நவம்பர் 4 அன்று மடிந்த இளம் போர்வீரர். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை அவர் கவிதையொன்று தலைகீழாக்குகிறது. தூதன் தடுத்தும் கேளாமல் முதியவன் மகனைக் கொல்கிறான்; அவனோடு ஐரோப்பாவின் பிள்ளைகளும் கொல்லப்படுகின்றனர். ஆபிரகாமுக்கு அளித்த வாக்கைப் போற்றும் இலத்தீன் பாடலின் நடுவே இக்கவிதை ஒலிக்கிறது. தொலைவில் சிறுவர் குழு துதிப்பலியைப் பாடிக்கொண்டேயிருக்கிறது. வழிபாடு தொடர, கொலையும் தொடர்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி (5:23) பாடலின் இரைச்சலைக் கடிந்ததன் பொருளை இதனினும் கூர்மையாக உணர்த்தும் விளக்கவுரையை நாம் அறியோம்.

படைப்பு முழுவதும் மணிகளும் குரல்களும் ஒன்றோடொன்று ஒட்டாத இரு சுரங்களைச் சுற்றியே வருகின்றன. நம் இசைமரபில் ஷட்ஜமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியே அது. அமைதி எளிதில் வாய்ப்பதில்லை என்று அவ்விடைவெளி உரைக்கிறது.

மூன்று தனிப்பாடகர்களை பிரிட்டன் மனத்திற்கொண்டிருந்தார்: ரஷ்யாவின் கலீனா விஷ்னெவ்ஸ்கயா, இங்கிலாந்தின் பீட்டர் பியர்ஸ், ஜெர்மனியின் டீட்ரிச் பிஷர்-டீஸ்கௌ. மூன்றாமவர் போரில் ஜெர்மானியப் படையில் பணிபுரிந்து சிறைப்பட்டவர். சோவியத் அரசு விஷ்னெவ்ஸ்கயாவை அரங்கேற்றத்திற்கு விடவில்லை. ஹெதர் ஹார்ப்பர் அவர் இடத்தில் பாடினார். ஆனால் 1963 ஜனவரியில் டெக்கா நிறுவனத்தார் லண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் இதனைப் பதிந்தபோது மூவரும் ஒன்றாய் நின்றனர். பேராலயத்தில் கூடாத ஒப்புரவு ஒலிப்பதிவில் கூடியது. அம்மண்டபம் மெத்தடிஸ்ட் சபையாரின் நகர ஊழியத்திற்கென எழுந்த கட்டடம் என்பது நம் வாசகர் அறியத்தக்கது. இன்று அது இல்லை, தட்டு இருக்கிறது. வெளியான ஐந்து மாதங்களில் இரண்டு லட்சம் படிகள் விற்றன.

4. எ லவ் சுப்ரீம் — ஜான் கோல்ட்ரேன் (1965)

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் நிறவெறியர் வைத்த வெடிகுண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன் அவ்வாண்டு நவம்பரில் ‘அலபாமா’ என்னும் புலம்பலைப் பதிந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 9 அன்று, நியூஜெர்சியிலுள்ள ரூடி வான் கெல்டரின் கூடத்தில், மக்காய் டைனர், ஜிம்மி காரிசன், எல்வின் ஜோன்ஸ் ஆகியோருடன் இத்தொகுப்பைப் பதிந்தார்.

கோல்ட்ரேனின் தாய்வழிப் பாட்டனார் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சீயோன் சபையின் போதகர். கோல்ட்ரேன் இளமையில் போதைப்பழக்கத்திற்கு ஆளானவர். 1957இல் தமக்கு உண்டான ஆன்மிக விழிப்பைத் தொகுப்பின் உறையில் தாமே எழுதி, இவ்விசையைக் கடவுளுக்கு நன்றிப் படையலாக்கினார். ஏற்பு, உறுதி, தேடல், சங்கீதம் எனப் பொருள்படும் நான்கு பகுதிகள். ஏறத்தாழ முப்பத்துமூன்று நிமிடங்கள். இறுதிப் பகுதியில் பாடகர் இல்லை. ஆயினும் உறையில் அச்சிட்டுள்ள மன்றாட்டுக் கவிதையை அசை அசையாகச் சாக்ஸபோன் ஓதுகிறது என்பதை ஆய்வாளர் லூயிஸ் போர்ட்டர் காட்டியுள்ளார். கறுப்பினப் போதகரின் ஏற்ற இறக்கமான பிரசங்கத் தொனியை அவ்வோசையில் கேட்கலாம்.

கோல்ட்ரேன் ஒரு சமய எல்லைக்குள் நின்றவர் அல்லர். இந்திய இசையை ஆழ்ந்து கேட்டவர். ரவிசங்கரை மதித்து 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி எனப் பெயரிட்டார். 1967இல் நாற்பதாம் வயதில் மரித்தார். அவரை நம் கோட்பாட்டுக்குள் அடக்கிக்கொள்ள முயல்வது நேர்மையாகாது. சொல்லின்றியும் ஜெபம் உண்டு என்பதை அவரிடம் கற்றுக்கொண்டால் போதும்.

5. அமேசிங் கிரேஸ் — அரீத்தா பிராங்ளின் (1972)

ஜான் நியூட்டன் அடிமை வாணிகக் கப்பலின் தலைவர். 1748இல் கடும்புயலில் அவர் மனம் திரும்பத் தொடங்கினார் என்பதை நாம் பிரசங்கங்களில் கூறுகிறோம். அதன் பின்னும் 1754 வரை அவ்வாணிகத்தில் இருந்தார் என்பதைக் கூறுவதில்லை. பின்னர்க் குருவாகி, 1773 புத்தாண்டு வழிபாட்டுக்கென இப்பாடலை எழுதினார். 1779இல் அது அச்சேறியது. 1788இல்தான் அடிமை வாணிகத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். கிருபை ஒருவரை உடனே பற்றினாலும், அவர் கண்கள் திறக்க நாற்பது ஆண்டுகள் ஆகலாம்.

அடிமைகளின் வழித்தோன்றலாகிய அரீத்தா பிராங்ளின், டெட்ராய்ட் நகர் பாப்டிஸ்ட் போதகர் சி. எல். பிராங்ளினின் மகள். உலகப் புகழ் பெற்ற பாடகியான பின், 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நியூ டெம்பிள் மிஷனெரி பாப்டிஸ்ட் ஆலயத்தில், போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்டுடனும் தென் கலிபோர்னியச் சமுதாயப் பாடற்குழுவுடனும் பாடினார். தந்தையும் இரண்டாம் இரவில் எழுந்து பேசினார். நியூட்டனின் பாடல் மட்டும் பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. ஒரு சொல்லைப் பல சுரங்களில் இழைத்து இழைத்து அவர் பாட, சபையார் குரல் கொடுக்கின்றனர். அக்குரல்களை நீக்கினால் இத்தொகுப்பில் பாதி போய்விடும். பாடகியும் சபையும் சேர்ந்தே இதனை ஆக்கினர்.

தட்டில் வந்தது சீர்செய்த வடிவமே. இரு இரவுகளின் முழுப்பதிவு 1999இல்தான் வெளியாயிற்று. அன்று எடுத்த படச்சுருள் ஒலியோடு பொருந்தாமல் கிடந்து, 2018இல் அரீத்தா மறைந்தபின் திரைக்கு வந்தது. அடிமைக் கப்பலில் நின்றவன் எழுதிய சொற்கள், கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில் எவ்வாறு வேறொரு பொருள் பெற்றன என்பதைக் காதால் அறிய விரும்புவோர் இதனைக் கேட்பாராக.

நமக்குரிய பாடம்

இவ்வைந்தும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. பதிவு என்பது இசையின் நிழல் அன்று. அது நேர்ந்த நாளின் சாட்சி. ஆனால் சாட்சியைச் சூழ்நிலையினின்று பிரித்துவிட்டால் அது வெறும் ஓசையாகிவிடும். இன்று கைப்பேசியில் இவ்வைந்தையும் ஒரு நொடியில் கேட்கலாம். அலமாரி வேண்டியதில்லை. உறையோ நம் கைக்கு வருவதில்லை. உறையிலுள்ள கவிதையை அறியாதவர் கோல்ட்ரேனின் இறுதிப் பகுதியைக் கேட்டும் கேளாதவராவர். ஆகவே சேகரித்தல் என்பது இனித் தட்டை வாங்குவதன்று. அதன் வரலாற்றைச் சேர்த்துக் கற்பிப்பதாகும்.

மற்றொன்று. மிஸா லூபா எழுப்பும் வினா நமக்கும் உரியது. நம் திருச்சபைகள் ஒருபுறம் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளையும், மறுபுறம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளையும் பாடி வளர்ந்தவை. இவ்விரண்டிலும் அடங்காத நாட்டுப்புற மக்களின் பாடலையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொணரப் பாடுபட்டவர், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மக்கள் தாமே மாற்றிப் பாடத்தக்க இசையே அவர்களை விடுவிக்கும் என்பது அவர் கொள்கை. பதிவு செய்த இசை அவ்வுரிமையைப் பறித்துவிடக்கூடாது. ஒலிபெருக்கியில் தட்டு பாட, சபை வாய்மூடி அமர்ந்திருப்பது இசையன்பு ஆகாது.

முடிவுரை

நாம் உடன் ஊழியரிடம் வேண்டுவது இரண்டு. இறையியல் மாணவர் ஓராண்டில் இவ்வைந்தையும், அவற்றின் வரலாற்றோடு, கூடி அமர்ந்து ஒருமுறையேனும் கேட்கட்டும். ஒவ்வொரு சேகரத்து ஆயரும் தம் சபையில் பழைய பாடல்களை மனப்பாடமாய்ப் பாடவல்ல முதியோர் யாரெனத் தேடி, அவர்கள் பாடுவதைப் பதிந்து வைக்கட்டும். பாடியவர் பெயரும் ஊரும் நாளும், அப்பாடலை அவர் யாரிடம் கற்றார் என்பதும் தவறாமல் எழுதப்படட்டும். அவர்களுள் பலர் அடுத்த ஆண்டு நம்மோடு இரார்.

அன்று எடைக்குப் போன அக்கறுப்புப் பெட்டியின் இசையை நாம் இன்று வேறு வழியாகக் கேட்க முடிகிறது. ஏனெனில் அதன் படிகள் லட்சக்கணக்கில் உலகில் உள்ளன. நம் கிராமத்து ஆலயத்தின் பாயில் அமர்ந்து பாடும் முதிய தாயின் குரலுக்கு வேறு படி இல்லை.